கொண்டை ஊசி விஞ்ஞானம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தமக்கையின் வீட்டில் எனக்குச் சாப்பாடு. விருந்து என்று சொல்லும்படி பிரமாதமாக ஒன்றும் இல்லை. சாம்பார், ரசம், ஒரு கறி, அப்பளம், கடைசியில் சேமியாப் பாயசம். பாயசம் பரிமாறுகிற சமயத்தில்தான் ஒரு சின்ன விபரீதம் நேர்ந்தது. அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் விட்டு எடுத்தாள். பாயசம் வரவில்லை, பாத்திரமே கரண்டியோடு கிளம்பி வந்தது!

"ஒரு பிடி சேமியா கூட விழுந்துவிட்டதடா. ஒரே ஒரு பிடிதான். அதற்குள் இப்படிக் கட்டியாய் நிற்கிறது, பார்! போன வாரம் ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் கை தாராளமாகத்தான் போயிற்று. ஆனால் அது இந்த மாதிரி பிடிவாதம் பிடிக்கவில்லை" என்றாள்.

நான் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா! ஜெர்மனி தேசத்தில் டிரெஸ்டன் என்று ஒரு நகரம். அங்கே ஆராய்ச்சிசாலையில் பெரிய பெரிய யந்திரங்களை வைத்துக்கொண்டு அளந்து பார்த்து எழுதிய விஷயத்தை நீ கரண்டியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாய்!"

"அவர்களும் பாயசம் பண்ணினார்களா?"

"பண்ணினார்கள். பிளாஸ்டிக் பாயசம்!"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, "பாயசத்தைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லு" என்றாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் நேயர்களே, இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். மெல்லியதிலும் மெல்லிய ஒரு கரிக் குழலை உருகிய பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு போட்டால் என்ன ஆகிறது என்பது கதை. அதைக் கேட்பதால் நமக்கு என்ன லாபம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அக்காவின் இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் ஒரு வடுவுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

ஐன்ஸ்டீன் காய்ச்சிய பாகு

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு சொட்டை விரலில் எடுத்து இழுத்துப் பார்க்கிறீர்கள். கம்பி போல் வருகிறதா, அறுந்து போகிறதா என்று கவனிக்கிறீர்கள். திரவம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது, எவ்வளவு தூரம் ஓட மறுக்கிறது என்கிற குணத்தைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள். விஞ்ஞானிகள் அதற்குப் 'பாகுத்தன்மை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு அது குறைவு, எண்ணெய்க்கு அதிகம், தேனுக்கு இன்னும் அதிகம். பொருள்கள் ஓடும் விதத்தை ஆராய்வதற்கென்றே ஒரு தனி சாஸ்திரம் உண்டு. 1929-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் அதற்காக ஒரு சங்கமே ஏற்படுத்தினார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் பிங்ஹாம் என்ற ரஸாயனப் பேராசிரியர்.

சரி, திரவத்தில் ஏதாவது பொடியைப் போட்டால் பாகுத்தன்மை எவ்வளவு ஏறும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை, சாக்ஷாத் ஐன்ஸ்டீன்தான். 1905-இல் ஸுரிக் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சியின் விஷயம் சர்க்கரைத் தண்ணீர்! சர்க்கரை கரைந்த தண்ணீர் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்பதைக் கொண்டு, சர்க்கரையின் ஒரு மூலக்கூறு எத்தனை பெரிது என்று கணக்கிட்டார்.

அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இருந்தது. ஐன்ஸ்டீனுக்குக் கூடவா என்று கேட்டுச் சந்தோஷப்படுங்கள்! நூற்றுக்கு ஒரு பங்கு உருண்டைகள் போட்டால் பாகுத்தன்மையும் நூற்றுக்கு ஒரு பங்குதான் ஏறும் என்று அவருடைய சூத்திரம் சொல்லிற்று. பாரிஸில் பான்ஸலின் என்பவர் பரீக்ஷை செய்து பார்த்தபோது அது பொருந்தவில்லை. ஐன்ஸ்டீன் தம் மாணவர் ஹாப்ஃப் என்பவரிடம் கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். அவர் தப்பைக் கண்டுபிடித்தார். 1911-இல் திருத்தம் வெளிவந்தது: நூற்றுக்கு ஒரு பங்கு உருண்டை போட்டால் பாகுத்தன்மை நூற்றுக்கு இரண்டரைப் பங்கு ஏறும்.

இரண்டரைப் பங்கு என்பது என்ன பிரமாதம்? கரண்டி பிடித்த கைக்குக் கூடத் தெரியாது. ஜவ்வரிசி அக்காவிடம் பிடிவாதம் பிடிக்காததில் பாதி ரகசியம் இதுதான். உருண்டை சாதுவான பிறவி. ஒன்றோடொன்று இடித்தால் உருண்டு நகர்ந்து வழி விட்டுவிடும்.

ஆனால் நீளமான குச்சி அப்படியல்ல. ஒரு பாத்திரத்து எண்ணெயில் ஒரு பிடி கடுகைப் போட்டுக் கிளறிப் பாருங்கள், சுலபமாகக் கிளறலாம். அதே அளவு ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டுக் கிளறுங்கள். குச்சி திரும்ப வேண்டுமானால் அதற்குத் தன் நீளத்துக்குத் தக்க இடம் வேண்டும். பக்கத்துக் குச்சி விடாது. அதற்கு அடுத்த குச்சி இரண்டையும் தடுக்கும். நாலு குச்சி சேர்ந்தால் ஒரு வேலி! சேமியா செய்த விஷமமும் இதுதான். சேமியா பாலைக் குடித்து ஊதிக்கொண்டது பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அதன் நீளம்.

புகையில் கிடைத்த பொக்கிஷம்

இனி நம் கதாநாயகனைப் பார்ப்போம். 1991-ஆம் வருஷம் ஜப்பானில் என்.ஈ.ஸி. கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் ஸுமியோ ஈஜிமா என்ற விஞ்ஞானி, மின்சாரப் பொறியில் கரி எரிந்தபோது படிந்த புகைக்கரியை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அதற்குள் நுண்ணிய ஊசிகள் போல் ஏதோ தெரிந்தன. கூர்ந்து பார்த்தால் அவை ஊசிகள் அல்ல, குழல்கள்! ஒரு குழலுக்குள் இன்னொரு குழல், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கடுக்காக இருந்தன. 1993-இல் ஒரே சுவருள்ள குழல்களும் அகப்பட்டன.

இதற்கு முன் இவற்றை யாரும் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. 1952-லேயே ருஷ்ய விஞ்ஞானிகள் இருவர் இம்மாதிரிக் குழல்களின் படங்களை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 1991-க்குப் பிறகுதான்.

பென்ஸிலில் இருக்கும் கரி ஏடு ஏடாக இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஏடுகளில் ஒன்றை உரித்துப் பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி ஓரங்களை ஒட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கரிக் குழல். இதன் கனத்தை 'நானோ மீட்டர்' என்ற அளவால் சொல்ல வேண்டும். ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு அது. ஒற்றைச் சுவர்க் குழலின் கனம் ஏறக்குறைய 1 நானோ மீட்டர். உங்கள் கூந்தலில் ஒரு மயிரிழையை எடுத்தால் அதன் கனம் ஐம்பதினாயிரம் நானோ மீட்டருக்கு மேல் இருக்கும். கனம்தான் இப்படி, நீளமோ கனத்தைப் போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு! ஈர்க்குச்சி அளவுக்குச் சொன்னால், 2 மில்லிமீட்டர் கனமுள்ள குச்சி 2 மீட்டர் நீளம் இருப்பது போல. ஒரு கிராம் குழல்களை நுனியோடு நுனி வைத்து நீட்டினால் சந்திரனுக்குப் பல தடவை போய்வரும்.

நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளின் உட்புறத்தில் ஒரு கறுப்புப் பூச்சு இருக்கிறது. வேலூர் வி.ஐ.டி.யைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்து, அதில் கரிக் குழல்கள் இருப்பதாக 2020-இல் எழுதினார்கள். ஏறக்குறைய 2,600 வருஷத்துப் பூச்சு! நம் குயவர்கள் குழல் செய்ய வேண்டும் என்று சூளை மூட்டியிருக்க மாட்டார்கள். ஆயினும் நெருப்பும் கரியும் சேர்ந்த இடத்தில் அது தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

பின்னலும் ஊசியும்

இப்போது பிளாஸ்டிக்கைப் பார்க்கலாம். பிளாஸ்டிக், நைலான், பாலியெஸ்டர் எல்லாம் 'பாலிமர்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. பாலிமரின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீண்ட சங்கிலி. உருகிய பிளாஸ்டிக் என்றால் கோடானு கோடி சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது என்று அர்த்தம். காலையில் எழுந்தவுடன் குழந்தையின் தலை இருக்குமே, அந்தக் கோலம்தான்! குட்டை மயிரில் சிக்கு விழாது. நீளக் கூந்தலில்தான் விழும். பாலிமரும் அப்படியே. சங்கிலி ஓரளவுக்கு மேல் நீண்டுவிட்டால், அதன் நீளம் இரண்டு மடங்காகும்போது பாகுத்தன்மை ஏறக்குறையப் பத்து மடங்காகிவிடும்.

இந்தக் கூந்தலில் கொண்டை ஊசியைச் செருகினால்? அதுதான் கரிக் குழலின் வேலை.

டிரெஸ்டனில் பாலிமர் ஆராய்ச்சிக்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. அங்கே பெட்ரா போட்ஷ்கே என்ற பெண் விஞ்ஞானியும் அமெரிக்காவைச் சேர்ந்த இருவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2002-இல் வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக். அதில் 10 முதல் 15 நானோ மீட்டர் கனமுள்ள குழல்களைக் கலந்தார்கள். கலந்த விதம் உங்களுக்குப் புதிது அல்ல. முதலில் நூற்றுக்கு 15 பங்கு குழல் உள்ள கெட்டியான கலவையை எடுத்துக்கொண்டு, அதில் வெறும் பிளாஸ்டிக்கைச் சேர்த்து வேண்டிய அளவுக்கு இளக்கினார்கள். டிகாக்ஷனில் பால் விட்டுக் காப்பி கலப்பது போலத்தான்!

260 டிகிரி சூட்டில் உருக்கி, மெதுவாக அசைத்து, பாகுத்தன்மையை அளந்தார்கள். அரைப் பங்கு குழல், ஒரு பங்கு குழல் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். பாகுத்தன்மையும் ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் நூற்றுக்கு இரண்டு பங்கை எட்டும் இடத்தில் ஒரு வேடிக்கை! படி ஏறுவது போல் பாகுத்தன்மை திடீரென்று ஒரு தாவுத் தாவிற்று. அதற்கு மேல் அது சாதாரணத் திரவம் மாதிரியே நடக்கவில்லை. பாதி திரவம், பாதி திடப்பொருள் என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

காரணம் என்ன? குறைந்த அளவில் இருக்கும்போது ஒவ்வொரு ஊசியும் தனியாக மிதக்கிறது. அளவு கூடக் கூட ஊசிக்கு ஊசி அண்டை அயல் ஏற்படுகிறது. ஒரு கட்டத்தில் பாத்திரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தொடர்ச்சியாக ஒரு வலை விழுந்துவிடுகிறது. வலை விழுந்த பிறகு அதற்குள் அகப்பட்ட கூந்தல் எங்கே ஓடும்?

இன்னொரு விந்தையும் நடந்தது. கரிக் குழல் மின்சாரத்தைக் கடத்தும், பாலிகார்பனேட் கடத்தாது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில், பாகுத்தன்மை தாவிய இடத்தை ஒட்டியே, பிளாஸ்டிக் மின்சாரத்தையும் கடத்த ஆரம்பித்தது. வலை விழுந்ததற்கு அது இரண்டாவது சாட்சி.

தொடாமலே பிடிக்கும்

இரண்டு சாட்சியும் எப்போதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. 2004-இல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த காரென் வைனீ என்ற பெண் பேராசிரியையும் அவருடைய கூட்டத்தாரும் வேறொரு பிளாஸ்டிக்கில் ஒற்றைச் சுவர்க் குழல்களைக் கலந்து பார்த்தார்கள். பாகுத்தன்மை விஷயத்தில் வலை விழுந்தது 0.12 சதவிகிதத்திலேயே. மின்சாரம் ஓடியதோ 0.39 சதவிகிதத்தில்தான்!

இதை அக்காவிடம் சொன்னபோது, "இது என்னடா கூத்து? வலை ஒன்றுதானே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் அவள் தலையிலேயே இருந்தது.

மின்சாரம் ஒரு குழலிலிருந்து இன்னொரு குழலுக்குத் தாவ வேண்டுமானால் இரண்டும் ஏறக்குறையத் தொட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் கூந்தலைப் பிடித்து நிறுத்த இரண்டு கொண்டை ஊசிகள் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று இல்லையே! ஒரே பின்னலுக்குள் இரண்டும் இருந்தால் போதும். இடையில் இருக்கும் மயிரே இரண்டையும் கட்டிவிடும். பாலிமர்ச் சங்கிலியும் அப்படியே இரண்டு குழல்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டு நகர முடியாமல் விழிக்கிறது. அதனால்தான் கெட்டிப்படுவது முந்திக்கொள்கிறது, மின்சாரம் பிந்துகிறது.

தேன்குழல் அச்சில் என்ன ஆகிறது?

இவ்வளவு கெட்டியாகிவிட்டால் அந்தப் பிளாஸ்டிக்கை வைத்து என்ன செய்ய முடியும்? தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அழுத்திப் பிழிகிறார்கள். நம் தேன்குழல் அச்சின் பெரிய அண்ணன் என்று அந்த யந்திரத்தைச் சொல்லலாம். மாவு கெட்டியாக இருந்தால் பிழிபவர் கை என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கேதான் இயற்கை கொஞ்சம் கருணை காட்டுகிறது. மெதுவாக அசைத்தால் வலை எதிர்க்கிறது. வேகமாகத் தள்ளினால் வலை அறுகிறது. குழல்கள் ஓட்டத்தின் திசையில், ஆற்று வெள்ளத்தில் மரக்கட்டைகள் திரும்புவது போல், திரும்பி வரிசையாக நிற்கின்றன. பாகுத்தன்மை மளமளவென்று இறங்குகிறது. ஓட்டம் நின்றதும் வலை மறுபடியும் மெல்ல மெல்லக் கூடிவிடுகிறது. கெட்டித் தயிர் இருக்கிறதே, சட்டியில் அசையாமல் நிற்கிறது; கடைந்தால் ஓடுகிறது. ஆனால் கடைந்த தயிர் மறுபடி உறைவதில்லை. குழல் வலையோ மறுபடி கூடும்.

அமெரிக்க அரசாங்கத்தின் அளவை ஸ்தாபனத்தார் 2004-இல் இதைப் பற்றி இன்னும் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். சாதாரணமாக உருகிய பிளாஸ்டிக்கை ஒரு துவாரத்தின் வழியாகப் பிழிந்தால், வெளியே வரும் கம்பி துவாரத்தைவிடப் பருத்துவிடும். அமுங்கிக் கிடந்த சங்கிலிகள் வெளியே வந்ததும் கை காலை நீட்டிக்கொள்வதே காரணம். எந்த அளவில் குழாய் வேண்டுமோ அந்த அளவில் வராமல் இதனால் தொழிற்சாலைக்காரர்கள் திண்டாடுவார்கள். பாலிபிராப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கரிக் குழல்களைக் கலந்து பிழிந்தபோது அந்தப் பருமன் அடியோடு மறைந்துவிட்டது! துவாரம் எத்தனையோ கம்பியும் அத்தனை. அச்சுக்கு அடங்கிய தேன்குழல்!

சிக்கெடுக்கும் கலை

ஆனால் ஒரு தொல்லை உண்டு. இந்தக் குழல்கள் ஒன்றையொன்று கண்டால் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளவை. கட்டுக்கட்டாகச் சேர்ந்து சிக்கு உருண்டையாகிவிடும். அப்படியே போட்டால் அது நீளக் குச்சி அல்ல, வெறும் உருண்டை. பழையபடி ஜவ்வரிசிதான்! வலையும் விழாது, மின்சாரமும் ஓடாது.

ஆகவே சிக்கு எடுக்க வேண்டும். இரட்டைத் திருகுள்ள யந்திரத்தில் போட்டுப் பிசைகிறார்கள். திரவத்தில் ஊற வைத்துக் காதுக்குக் கேட்காத சப்த அலைகளால் உலுக்குகிறார்கள். அவசரப்பட்டு முரட்டுத்தனமாக வாரினால் மயிர் அறுந்து போவது போலக் குழலும் ஒடிந்து குட்டையாகிவிடும். குட்டையானால் மறுபடி பலன் குறையும். பொறுமையாகவும் வார வேண்டும், அறுக்காமலும் வார வேண்டும். தாய்மார்களுக்கு இதைப் பற்றி யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

குழல்கள் நன்றாகப் பிரிந்தனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உருக்கி மெதுவாக அசைத்துப் பாகுத்தன்மையை அளந்தால் போதும். சிக்கு நன்றாக எடுபட்டிருந்தால் கெட்டிப்படும்; எடுபடாவிட்டால் இளகியே இருக்கும். நீங்கள் பாகைக் கம்பி இழுத்துப் பதம் பார்ப்பது போல அவர்கள் இப்படிப் பதம் பார்க்கிறார்கள்.

விதிக்கு விலக்கு

எதைப் போட்டாலும் கெட்டிதான் ஆகும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2003-இல் மிச்சிகன் அரசாங்க சர்வகலாசாலையைச் சேர்ந்த மக்காய் என்பவரின் கூட்டத்தார் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மிக மிக நுண்ணிய பாலிமர் உருண்டைகளை அதே ஜாதிப் பாலிமரில் போட்டபோது பாகுத்தன்மை ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிட்டது! ஐன்ஸ்டீன் சூத்திரத்துக்கு நேர் விரோதம்.

கரிக் குழலிலும் இப்படி ஒன்று உண்டு. ஹாலந்தில் ஐந்தோவன் நகரத்தில், மிக நீண்ட சங்கிலியுள்ள பாலிஎதிலீனில் துளியூண்டு குழல்களைக் கலந்து பார்த்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, முதலில் பாகுத்தன்மை இறங்கியது. அளவைக் கூட்டிய பிறகுதான் ஏறிற்று. மிக நீளமான சங்கிலிகள் குழலின் மேல் போய் ஒட்டிக்கொண்டதால் மற்றவற்றுக்குச் சிக்கு குறைந்தது என்று விளக்கம் சொன்னார்கள். நீண்ட கூந்தல்காரியை மட்டும் கொண்டை போட்டு உட்கார வைத்துவிட்டால் வீட்டில் பாதிச் சிக்கு தீர்ந்தது அல்லவா?

இதனால் யாருக்கு என்ன?

பெட்ரோல் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வேகமாக ஓடினால் உராய்வினால் மின்சாரம் சேருகிறது. சேர்ந்த மின்சாரம் ஒரு பொறியாகத் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழாயே மின்சாரத்தைக் கடத்தி அனுப்பிவிட்டால் பயம் இல்லை. சாதாரணப் புகைக்கரியைக் கலந்து இதைச் செய்யலாம். ஆனால் பல மடங்கு அதிகம் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி நொறுங்கும் சுபாவத்தை அடையும். கரிக் குழல் சில பங்கு போதும். அதனால்தான் மோட்டார் வண்டிகளின் பெட்ரோல் குழாய்களில் இந்த மாதிரி நைலான் உபயோகத்துக்கு வந்தது. எவ்வளவு குறைவாகப் போட்டால் மின்சாரம் ஓடும், எவ்வளவுக்கு மேல் போனால் அச்சில் பிழிய முடியாது என்ற இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை அளவும்.

இனி அக்காவின் வடுவுக்கு வருகிறேன்.

இருபது வருஷங்களுக்கு முன் ஒரு நாள், பாலியெஸ்டர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு அவசரமாகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தலைப்பு அடுப்பில் பட்டது. நெருப்பை அணைத்துவிட்டார்கள். நெருப்பைவிட அதிகமாகச் சுட்டது வேறொன்று. துணி உருகிச் சொட்டுச் சொட்டாகக் கையில் விழுந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. பருத்தி எரிந்து சாம்பலாகும். செயற்கை இழையோ உருகிப் பாகாகி ஒட்டும். அன்று முதல் அக்கா அடுப்படிக்கு வரும்போது பருத்திப் புடவைதான். தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகாமல் அடுப்பை மூட்ட மாட்டாள்.

பிளாஸ்டிக் எரியும்போது நடப்பதும் பாகு விஷயம்தான். சூட்டில் அது இளகி, கொதித்து, குமிழி விட்டு, ஆவியாகி எரிகிறது, எரிந்துகொண்டே சொட்டுகிறது. 2005-இல் காஷிவாகி என்ற விஞ்ஞானியும், முன்னே சொன்ன பேராசிரியை வைனீயும், இன்னும் சிலரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக்கில் அரைச் சதவிகிதம் கரிக் குழல்களை நன்றாகப் பிரித்துக் கலந்து, தகடாகச் செய்து, சூடு காட்டினார்கள். வலை விழுந்திருந்தபடியால் அது இளகி ஓடவில்லை. கூழ் போல் நின்றது. மேல்புறத்தில் விரிசல் இல்லாமல் ஒரு கறுப்புப் போர்வை உண்டாகி, உள்ளே இருந்ததைச் சூட்டிலிருந்து காத்தது. எரியும் வேகம் வெகுவாகக் குறைந்தது. அதே அளவு குழலைச் சிக்கெடுக்காமல் கலந்த தகட்டில் போர்வை தீவு தீவாகப் பிரிந்து, இடுக்கு வழியாக நெருப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது.

அச்சில் பிழிகிறவனுக்கு எது இடைஞ்சலோ, அதுவே நெருப்புக்கு எதிரே கவசம்!

ஒரு எச்சரிக்கை

நல்லதை மட்டும் சொல்லி முடிப்பது தர்மம் அல்ல. கரிக் குழல் பொடியாகக் காற்றில் பறக்கும்போது அதைச் சுவாசிப்பது ஆபத்து. சில வகை நீண்ட குழல்கள் எலிகளின் உடம்பில் கல்நார் செய்யும் கெடுதலைப் போன்ற கெடுதலைச் செய்தன என்று 2008-இல் எடின்பரோவிலிருந்து செய்தி வந்தது. 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒரு குறிப்பிட்ட வகைக் குழலை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராமில் பத்து லக்ஷத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று அமெரிக்காவில் 2013-இல் சிபார்சு செய்தார்கள். பிளாஸ்டிக்குக்குள் புதைந்த குழல் பறந்து வராது. ஆனால் பொடியைக் கொட்டிக் கலக்கும் தொழிலாளிக்கு முகமூடியும் நல்ல காற்றோட்டமும் அவசியம். யாரோ ஒருவருடைய வீட்டைக் காக்கும் பொருள் இன்னொருவருடைய நுரையீரலைக் கெடுக்கலாகாது அல்லவா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கையைத் திருப்பி வடுவைப் பார்த்துக்கொண்டே, "அப்படியானால் சொட்டாத துணி நெய்ய முடியும் என்கிறாயா?" என்று கேட்டாள்.

"அவர்கள் பார்த்தது ஆராய்ச்சிசாலைத் தகடு, அக்கா. தகடு வேறு, மெல்லிய புடவை வேறு. அதை நம்பி நீ அடுப்பண்டை பாலியெஸ்டர் கட்டிக்கொண்டு நிற்காதே!"

"நான் நிற்க மாட்டேன். அவர்கள் சிக்கெடுக்கிற மட்டும் எடுக்கட்டும். நான் என் தலைப்பைச் செருகிக்கொள்கிறேன்" என்று சொல்லி எழுந்தாள். அவிழ்ந்திருந்த கூந்தலை ஒரு சுற்றுச் சுற்றினாள். வாயில் கடித்திருந்த இரண்டு கொண்டை ஊசிகளை எடுத்து, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் செருகினாள். அவ்வளவு பெரிய கூந்தலும் அசையாமல் நின்றது.

இரண்டு ஊசிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை.